கடிகாரத்தைப் பார்த்த உளவியலாளர்

அன்புள்ள ஐயா,

மாவட்ட மனநலத் திட்டத்தில் ஆறு வருடமாக உளவியலாளராக இருக்கிறேன். தொகுப்பூதியம்தான். தினமும் ஒரு ஊர், ஒரு அரசு மருத்துவமனை. போன மாதம் தற்கொலைக்கு முயன்று பிழைத்த ஒரு பெண் என் எதிரில் உட்கார்ந்து அழுதார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். வெளியே பதினைந்து பேர் காத்திருந்தார்கள். அன்று இரவு என்னை நினைத்து எனக்கே பயமாக இருந்தது. விரும்பி வந்த வேலை, இப்போதும் பிடிக்கும். ஆனால் இதற்கான தகுதியை இழந்துவிட்டேனா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள வாசகிக்கு,

இல்லை. தகுதி எங்கும் போய்விடவில்லை.

உங்களுக்கு வந்திருப்பது வேலையே ஆளை வற்றவைக்கும் களைப்பு, ஆங்கிலத்தில் 'பர்ன்அவுட்' என்பார்கள். இந்தக் களைப்பைப் பற்றி 1974-இல் முதன்முதலில் விரிவாக எழுதியவர்களில் ஒருவர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர். நியூயார்க்கில் பகலெல்லாம் தன் நோயாளிகளைப் பார்த்துவிட்டு, மாலையில் இலவச மருத்துவமனைக்குப் போய் நள்ளிரவு வரை இருந்த உளவியலாளர். அவர் எழுதியது தன்னையும் கூட வேலை செய்தவர்களையும் பற்றித்தான். அர்ப்பணிப்போடு வருகிறவர்களே முதலில் விழுகிறார்கள் என்று கண்டார். 1981-இல் கிறிஸ்டினா மஸ்லாக்கும் சூசன் ஜாக்சனும் இதை அளக்க ஒரு கேள்வித்தாளை வெளியிட்டபோது மூன்றாகப் பிரித்தார்கள்: உணர்வு வற்றிப்போவது, எதிரில் இருப்பவர் ஆளாகத் தெரியாமல் கேஸாகத் தெரிவது, 'நான் செய்து என்ன ஆகப்போகிறது' என்று தோன்றுவது. முதல் இரண்டும் உங்களிடம் இருக்கின்றன. மூன்றாவது இல்லை. 'இப்போதும் பிடிக்கும்' என்று எழுதியிருக்கிறீர்களே, அதைச் சந்தேகப்படாதீர்கள். வேலை பிடித்திருப்பதும் அதே வேலையால் தீர்ந்துபோவதும் ஒரே ஆளுக்குள் நடக்கும்.

எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பு நடந்த 12 மாநிலங்களில், கேரளம் தவிர எங்கும் லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை. தமிழ்நாடும் அந்தப் பட்டியலில் உண்டு. வாசலில் நின்ற அந்தப் பதினைந்து பேரை அங்கே நிறுத்தியது இந்தக் குறைதான், உங்கள் மனம் கல்லானது அல்ல. உலக சுகாதார நிறுவனமும் 2019-இல் இந்தக் களைப்பை நோய் என்று சொல்லவில்லை. சரியாகக் கையாளப்படாத நெடுநாள் பணியழுத்தத்தின் விளைவு என்றுதான் வரையறுத்தது. அப்புறம் ஏன் ஊழியர்களை மட்டும் தியான வகுப்புக்கு அனுப்புகிறார்கள்? தியானம் நல்லதுதான். ஆனால் வரிசை அதனால் குறையாது.

பிரிட்டனில் உளவியல் ஆலோசகர் சங்கத்தின் அங்கீகாரம் வேண்டுமென்றால், எவ்வளவு அனுபவசாலியானாலும் மாதம் ஒன்றரை மணி நேரமாவது இன்னொரு நிபுணரிடம் தன் கேஸ்களைப் பற்றிப் பேசியாக வேண்டும். உங்களுக்கு அப்படி யார் இருக்கிறார்கள்? கடிதத்தில் ஒருவரையும் காணோம். பக்கத்து மாவட்டத்தில் இதே வேலை செய்கிறவர் ஒருவர் நிச்சயம் இருப்பார். பதினைந்து நாளுக்கு ஒருமுறை அவரோடு போனில் பேசுங்கள். டார்கெட்டைப் பற்றி வேண்டாம், மனதை விட்டுப் போகாத ஒரு முகத்தைப் பற்றிப் பேசுங்கள். விடுப்பு மிச்சமிருந்தால் எடுங்கள். 'ஒரு நாளைக்கு இத்தனை பேருக்கு மேல் முடியாது' என்று எழுதியே கொடுங்கள். தொகுப்பூதியத்தில் இருப்பவருக்கு அது எளிதல்ல, தெரியும். தனியாக வேண்டாம், நாலு பேர் சேர்ந்து கையெழுத்துப் போடுங்கள்.

அந்தப் பெண் ரிவியூவுக்கு வருவார் அல்லவா? அன்று முதல் ஆளாக அவரைக் கூப்பிடுங்கள், வரிசை சேர்வதற்கு முன்னால்.