முதலில் அந்த ஷீட்டைக் கழற்றுங்கள்

கேள்வி: செட்டிநாட்டுப் பள்ளத்தூரில் எங்கள் ஐயா காலத்து வளவு வீடு, நடுவே திறந்த முற்றம், சுற்றிலும் அறைகள். குரங்குத் தொல்லை தாங்காமல் முற்றத்தை ஃபைபர் ஷீட் போட்டு மூடினோம். அதிலிருந்து வீடே புழுங்குகிறது. மாடி அறையில் ஏசி ஓடியும் குளிரவில்லை, கரண்ட் பில் எகிறுகிறது. மொட்டைமாடிக்கு வெள்ளை பெயின்ட் அடித்தால் சரியாகுமா?

பதில்: பெயின்ட் அப்புறம், முதலில் அந்த ஷீட்டைக் கழற்றுங்கள். சூடான காற்று மேலே ஏறி வெளியே போகத்தான் வளவுக்கு நடுவே வானம் பார்க்க விட்டார்கள், அது போகப் போக முகப்பு வழியாகவும் பின்கட்டு வழியாகவும் புதுக்காற்று உள்ளே வரும், நீங்கள் மூடியதும் சூடு ஓட்டுக்குக் கீழேயே தங்கிவிட்டது. போதாக்குறைக்கு வெயிலில் காய்ந்த ஷீட் தன் பங்குக்கு அனலை இறக்குகிறது. குரங்குக்குக் கம்பி வலை போதும். சாரல் அடிக்கும்தான், முற்றத்தைத் தாழ்த்திக் கல் பாவியது பிறகு எதற்கு?

அடுத்து ஏசி. மாடி அறைதான் வீட்டிலேயே சூடான இடம், பகலெல்லாம் வெயில் வாங்கிய தளம் ராத்திரி முழுக்க அதைத் திருப்பித் தரும். முடிந்தால் ஏசியைக் கீழே சின்ன அறை ஒன்றுக்கு மாற்றுங்கள். பழைய கதவுகளின் அடியில் விரல் நுழையும் இடைவெளி இருக்கும், ரப்பர் பட்டை ஒட்டினால் குளிர் தங்கும். மாடியில்தான் படுப்பீர்கள் என்றால் வெள்ளை பெயின்ட் நல்லதுதான், ஆனால் மொட்டைமாடியில் பதித்த தட்டோட்டின் விரிசல்களை அடைத்த பிறகு.

வளவில் ஓடும் பழைய ஃபேன்களையும் பாருங்கள். 75 வாட் ஃபேன் தினம் 10 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 45 யூனிட், குறைந்த மின்சாரத்தில் ஓடும் புதுவகை 30 வாட் பிஎல்டிசி ஃபேன் என்றால் 18. இரண்டு மாத பில் 500 யூனிட்டைத் தாண்டினால் குறைந்த யூனிட்டுக்கான கீழ்ப்படிக் கட்டணச் சலுகையும் போய்விடுவதால் இந்த வித்தியாசம் சின்னதல்ல.

இன்னொன்று. மெயின் சுவிட்சை மட்டும் ஆனில் விட்டுவிட்டு மற்ற எல்லா சுவிட்சையும் அணைத்து, ஃபிரிட்ஜ் பிளக்கையும் பிடுங்கிவிட்டு மீட்டரைப் பாருங்கள். சிவப்பு விளக்கு அப்போதும் மினுங்கினால் பழைய வயரிங்கில் கசிவு இருக்கலாம், எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். பங்கு பிரித்த வீடு என்றால் பங்காளி வீட்டு மோட்டார் உங்கள் மீட்டரில் ஓடுவதும் உண்டு, அதையும் கேட்டுவிடுங்கள்.