பிரவுசரைத் திறந்தாலே கணினி திணறுவது ஏன்?

தண்டையார்பேட்டை வீட்டில் 4 ஜிபி ராம் (வேலை செய்யும்போது கணினி பயன்படுத்தும் தற்காலிக நினைவகம்) உள்ள பழைய கணினி. இணையம் பார்க்கும்போது மட்டும் திணறுகிறது, நெட் கனெக்‌ஷனை மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள். அதே வைஃபை மொபைலில் வேகமாக ஓடினால் கோளாறு பெரும்பாலும் கணினியில்தான்.

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் கணினியில் எது எவ்வளவு பயன்படுத்துகிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் மெமரி (அதாவது ராம்) 90 சதவீதம் தாண்டி, டிஸ்க்கும் 100-இல் நின்றால் சங்கதி இதுதான்: ராம் போதாமல் விண்டோஸ் ஹார்ட் டிஸ்க்கைக் கடன் வாங்குகிறது. அது ராமைவிடப் பல மடங்கு மெதுவு. அதனால்தான் மவுஸ்கூட நகர மறுக்கிறது. குரோமில் ஷிஃப்ட், எஸ்கேப் அழுத்தினால் எந்த டேப் எவ்வளவு தின்கிறது என்று தெரியும். தேவையில்லாததை மூடுங்கள்.

அப்புறமும் திணறினால் சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவில் கூடுதல் ராம் வாங்கலாம். உங்கள் கணினியில் இருப்பது எந்த வகை ராம், டிடிஆர்3-ஆ, டிடிஆர்4-ஆ என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்; ஒன்றின் இடத்தில் மற்றொன்று பொருந்தாது. எங்கள் ராயபுரம் வீட்டில் கணினிக்குள் இருக்கும் ஃபேனில் அடைந்த தூசியைத் தட்டியதே பாதி வேலையை முடித்தது. சூடேறினால் பிராசசர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.