கேள்வி பதில்: சீண்டுகிறவன் சீண்டட்டும்

கேள்வி: ஒரு வருடமாக பாக்ஸிங் கற்றுக்கொள்கிறேன். ஸ்பாரிங்கில் (பயிற்சிக்காக மோதிப் பார்ப்பதில்) ஒருவன் வாய் ஓயாமல் பேசுகிறான். "இவ்வளவுதானா உன் அடி?" என்று சிரிக்கிறான். எனக்கு ரத்தம் கொதித்து, கற்றதெல்லாம் மறந்துபோகிறது. கடைசியில் அடி வாங்குவதும் நான்தான். என்ன செய்ய?

பதில்: அவன் உங்களைப் பயமுறுத்தப் பேசுகிறான் என்று நினைக்கிறீர்கள் போலிருக்கிறது. பயந்த ஆளால் அவனுக்குப் பெரிய லாபம் கிடையாது. பயந்தவன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு தள்ளியே நிற்பான், அவனை அடிப்பதுதான் கஷ்டம். அவனுக்கு வேண்டியது அவசரப்படுகிற ஆள். அடுத்த முறை கோபம் வரும்போது உங்கள் உடம்பைக் கவனித்துப் பாருங்கள்: பல்லைக் கடிப்பீர்கள், மூச்சு நின்றுவிடும், தோள் காதுவரை ஏறும், நேராகப் போகவேண்டிய கை ஊரைச் சுற்றிக்கொண்டு போகும், அதற்குள் தாடை திறந்து கிடக்கும். அவன் இத்தனை நேரம் பேசியதே அந்தத் தாடைக்காகத்தான்.

இதில் பெரிய வீரர்களும் சிக்கியிருக்கிறார்கள். குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த MMA சண்டையில் ஜோசே ஆல்டோ பத்து வருடம் தோல்வியே தெரியாதவர். அவரோடு மோதவிருந்த கானர் மெக்ரிகர் அவரை மாதக்கணக்கில் ஊர் ஊராகப் போய் வம்புக்கு இழுத்தார், டப்ளின் மேடையில் ஆல்டோவின் சாம்பியன் பெல்ட்டையே பிடுங்கித் தூக்கிக் காட்டினார். 2015 டிசம்பரில் மோதியபோது, நிதானத்துக்குப் பேர்போன ஆல்டோ மணி அடித்ததும் பாய்ந்து போனார். மெக்ரிகர் பின்வாங்கியபடியே இடது கையால் ஒன்று வைத்தார். 13 விநாடியில் ஆட்டம் முடிந்தது. பேச்சு மட்டுமே ஜெயித்தது என்று சொல்லமாட்டேன், அந்த இடது கை அவ்வளவு துல்லியம். ஆனால் அந்தக் கைக்கு முன்னால் ஆல்டோவைக் கொண்டுவந்து நிறுத்தியதில் பேச்சுக்குப் பங்கு உண்டு.

சரி, நீங்கள் செய்யவேண்டியது. சீண்டினால் பதில் பேசாதீர்கள், நன்றாக மூச்சை வெளியே விடுங்கள். அவன் கண்ணையோ வாயையோ பார்க்காமல் நெஞ்சைப் பாருங்கள், கை கிளம்புவது அங்கேயே தெரிந்துவிடும். அவன் பேசினால் உங்கள் பதில் ஒரு ஜாப் (முன்னால் இருக்கிற கையால் நேராக விடும் குத்து), அவ்வளவுதான், அதுவும் வேகமாக வேண்டாம், சுத்தமாக இருந்தால் போதும். அப்புறம், நம்பகமான நண்பன் ஒருவனை ஸ்பாரிங்கில் வேண்டுமென்றே திட்டச் சொல்லுங்கள். முதல் நாள் எரிச்சலாக இருக்கும், பத்தாவது நாள் ஏதோ ரேடியோ ஓடுகிற மாதிரி ஆகிவிடும். திட்டு வாங்குவதற்கும் பயிற்சி வேண்டும், குத்து வாங்குவதற்கு எடுக்கிறோமே, அதைப்போல.

கேள்வி: முகமது அலி மாதிரி நானும் வாயால் பேசிப் பார்க்கலாமா?

பதில்: பார்க்கலாம், அவருக்கு இருந்த அந்த வேகமான கால் உங்களுக்கும் இருந்தால். 1964இல் அப்போதைய உலக சாம்பியன் சோனி லிஸ்டனுடன் மோதுவதற்கு முன், எடை பார்க்கிற இடத்தில் அலி (அப்போது கேஷியஸ் கிளே, வயது 22) போட்ட கூச்சலில் அவர் நாடித்துடிப்பு 120ஐத் தொட்டது, 2,500 டாலர் அபராதமும் விழுந்தது. பையன் பயத்தில் உளறுகிறான் என்றே பலர் நினைத்தார்கள். ரிங்கில் ஏறியதும் ஆள் நிதானம். ஏழாவது ரவுண்டுக்கு மணி அடித்தபோது லிஸ்டன் ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவே இல்லை. கூச்சலையெல்லாம் வெளியிலேயே விட்டுவிட்டு உள்ளே வரத் தெரிந்தவர் அவர். பேசுகிற பலருக்கு அது வராது, தன் பேச்சைத் தானே நம்பி மாட்டிக்கொள்வார்கள்.

கேள்வி: அப்படியானால் MMA வீரர் கபீப் நூர்மகமெதோவ்? அவர் கல் மாதிரி இருந்தாரே!

பதில்: கல்லா? 2018இல் இருவரும் மோதுவதற்கு முன் கபீபின் மதம், நாடு, அப்பா என்று மெக்ரிகர் எதையும் விட்டுவைக்கவில்லை. கபீப் அதையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டுத் தன் திட்டப்படியே தரையில் போட்டு அமுக்கி, நான்காவது ரவுண்டில் கழுத்தைப் பிடித்துச் சரணடைய வைத்தார். முடிந்த அடுத்த நிமிடமே கூண்டைத் தாண்டிக் குதித்து மெக்ரிகரின் ஆள்மேல் பாய்ந்தார்! அதற்கு 5 லட்சம் டாலர் அபராதம், ஒன்பது மாதத் தடை. கோபம் முழுக்க உள்ளேயேதான் இருந்திருக்கிறது, மணி அடித்து முடியும்வரை காத்திருக்கச் சொல்லி வைத்திருந்தார். உங்களுக்கும் அந்தக் காத்திருக்கிற பாதி போதும், குதிக்கிற பாதி வேண்டாம்.

கேள்வி: சீண்டலுக்கு எல்லை உண்டா?

பதில்: உண்டு. 1962இல் குத்துச்சண்டை வீரர் பென்னி பாரெட், எடை பார்க்கும்போது தன் எதிராளி எமில் கிரிஃபித்தின் பாலியல் விருப்பத்தைக் குறித்து அசிங்கமாக ஒரு வார்த்தை சொன்னார். அன்றிரவு பன்னிரண்டாவது ரவுண்டில் பாரெட் மூலையில் மாட்டிக்கொண்டார், கிரிஃபித்தின் கை நிற்கவில்லை, நடுவர் நிறுத்தவும் தாமதமானது. நேரடி டெலிவிஷனில் ஜனங்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பத்து நாள் கழித்து பாரெட் இறந்துபோனார். மூன்று மாதத்துக்கு முன்னால்தான் அவர் இன்னொரு போட்டியில் பலமாக அடி வாங்கியிருந்தார், ஆகவே அந்த ஒரு வார்த்தைதான் கொன்றது என்று எழுதுவது நியாயமில்லை. ஆனால் கிரிஃபித் வாழ்நாள் முழுக்க அந்த இரவைச் சுமந்தார். ஆட்டத்தைப் பற்றி, காலைப் பற்றி, கையைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள். பிறப்பு, குடும்பம், அந்தரங்கம் பக்கம் போகாதீர்கள்.

கேள்வி: பேசாமலே எதிராளியைக் கலங்கடித்தவர் யார்?

பதில்: MMA வீரர் ஃபெடோர் எமெலியானென்கோ. பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர் மாதிரி ரிங்கில் நிற்பார். கிட்டத்தட்ட பத்து வருடம் தோற்கவில்லை. 2010இல் ஃபாப்ரிசியோ வெர்டூமிடம் 69 விநாடியில் தோற்றபோதும் அதே முகம்தான், ஒரு சுருக்கம்கூட விழவில்லை.