பி.காம். முடித்தவர் எம்.ஏ. வரலாறு படித்து ஆசிரியர் ஆகலாமா?

கேள்வி: பி.காம். முடித்து ஏழு ஆண்டுகள் ஆகின்றன. தனியார் நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன். எனக்குச் சின்ன வயதிலிருந்தே வரலாறு பிடிக்கும். அஞ்சல் வழியில் எம்.ஏ. வரலாறு படித்து, அரசு மேல்நிலைப் பள்ளியில் ஆசிரியராக வேண்டும் என்று ஆசை. அஞ்சல் வழிப் பட்டம் செல்லாது என்று சிலர் பயமுறுத்துகிறார்கள். எங்கள் ஊரில் உள்ள கல்வி ஆலோசனை மையத்திலோ, "ஒரே வருஷத்தில் முடித்துத் தருகிறோம்" என்கிறார்கள். ஐயாயிரம் ரூபாய் முன்பணம் கொடுத்திருக்கிறேன். நான் செய்வது சரிதானா?
(வாசகி, விழுப்புரம் மாவட்டம்)

பதில்: அஞ்சல் வழி பற்றிய பயத்தை முதலில் விடுங்கள். யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) அனுமதித்த பல்கலைக்கழகத்தில், அனுமதி இருந்த ஆண்டில் சேர்ந்து, அனுமதி பெற்ற படிப்பைப் படித்தால் அந்தப் பட்டமும் கல்லூரிக்குப் போய் வாங்கிய பட்டமும் ஒன்றுதான். உங்கள் சிக்கல் எம்.ஏ.வில் இல்லை, பி.காமில் இருக்கிறது.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் முதுகலை ஆசிரியர், அதாவது மேல்நிலை வகுப்பு ஆசிரியர் ஆக எம்.ஏ.வும் பி.எட்.டும் இருந்தால் மட்டும் போதாது. இளநிலையிலும் முதுநிலையிலும் ஒரே பாடம் படித்திருக்க வேண்டும், அல்லது அரசு இணையென்று ஆணையிட்ட பாடமாக இருக்க வேண்டும். வணிகவியலும் வரலாறும் அப்படி இணையான பாடங்கள் இல்லை. இப்படி இளநிலையில் ஒரு பாடம், முதுநிலையில் வேறு பாடம் படித்தவர்களைக் ‘கிராஸ் மேஜர்’ என்பார்கள். தேர்வில் நல்ல மதிப்பெண் எடுத்து, சான்றிதழ் சரிபார்ப்பு மேசை வரை வந்த பிறகு இந்த வார்த்தையை முதன்முதலாகக் கேட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். சேரும்போது அதை யாரும் சொல்வதில்லை. சேர்க்கைப் படிவத்திலேயே ஒரு வரி அச்சிட்டால் என்ன குறைந்துவிடும்? ஆசிரியர் தேர்வு வாரிய அறிவிக்கையின் தகுதிப் பகுதியை இன்றே ஒருமுறை எடுத்துப் படியுங்கள்.

இதைக் கேட்டதும் மையத்துக்காரர் அடுத்த சரக்கை எடுப்பார்: “கவலைப்படாதீங்க மேடம், ஒரு வருஷத்தில் பி.ஏ. வரலாறு கூடுதல் பட்டம் வாங்கிடலாம்.” அந்தப் பக்கமே போகாதீர்கள். இப்படி ஓராண்டில் வாங்கிய கூடுதல் பட்டத்தை வைத்துப் பதவி உயர்வு கேட்ட ஆசிரியர்கள் நீதிமன்றத்தில் தோற்றார்கள். அது மூன்றாண்டுப் பட்டத்துக்கு ஈடாகாது என்று நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். அரசுப் பள்ளிதான் வேண்டும் என்றால் பி.ஏ. வரலாற்றிலிருந்து தொடங்க வேண்டும். பி.ஏ. மூன்று, எம்.ஏ. இரண்டு, பி.எட். இரண்டு, ஆக ஏழு ஆண்டுகள். கசப்புதான், ஆனால் இன்றைக்கே தெரிந்துகொள்வது நல்லது.

கல்லூரிப் பக்கம் போவதாக இருந்தால் கதை வேறு. கல்லூரி உதவிப் பேராசிரியருக்கான தகுதித் தேர்வான நெட் தேர்வுக்கு எம்.ஏ. என்ன பாடம் என்றுதான் பார்ப்பார்கள். அதில் 55 சதவீதம் வேண்டும், இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 50. இறுதியாண்டு படிக்கும்போதே எழுதலாம். மொத்தம் 150 கேள்விகள், 300 மதிப்பெண், மூன்று மணி நேரம், தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள். பி.காம். இங்கே தடையில்லை. என்னைக் கேட்டால், உங்களுக்கு இந்த வழிதான் பொருந்தும். ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: வணிகவியலிலிருந்து வருகிறவர்கள் சேர சோழ பாண்டியரில் தடுமாறுவதில்லை, வரலாற்றியல் என்ற தாளில்தான் திணறுவார்கள். ஒரு சான்றை எப்படி நம்புவது, ஒரே நிகழ்வை இரண்டு ஆய்வாளர்கள் ஏன் இரண்டு விதமாக எழுதுகிறார்கள் என்பது அங்கே வரும். கணக்கெழுதும் உங்களுக்கு ரசீதை நம்பாமல் சரிபார்க்கும் பழக்கம் இருக்கும், அது கைகொடுக்கும்.

சரி, அந்த ‘ஒரே வருஷம்’ என்ன மர்மம்? எம்.ஏ. இரண்டாண்டுப் படிப்பு. ஓராண்டில் முடிக்க வேண்டுமென்றால் உங்களை முந்தைய ஆண்டே சேர்ந்ததாகக் காட்ட வேண்டும். இப்படித்தான் ஒருவர் என்னிடம் ஒரு கோப்பு கொண்டுவந்தார். மதிப்பெண் பட்டியலில் முதலாண்டுத் தேர்வு மே மாதம் எழுதியதாக இருந்தது. பணம் கட்டிய ரசீதின் தேதியோ அதற்கடுத்த நவம்பர். ரசீதில் பல்கலைக்கழகத்தின் பெயரே இல்லை, மையத்தின் ரப்பர் ஸ்டாம்ப் மட்டும். தேர்வை எங்கே எழுதினீர்கள் என்று கேட்டேன். “அவங்களே பார்த்துக்கிட்டாங்க சார்” என்றார். அரசு வேலை கிடைத்தால் துறை உங்கள் சான்றிதழைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பி உண்மைத்தன்மை கேட்கும். அந்தப் பதில் வர மாதக்கணக்கில் ஆகும். ஒழுங்காகப் படித்தவரே அதற்காகத் தகுதிகாண் பருவத்தை முடிக்க முடியாமல் அலைகிறார், அது தனிக் கொடுமை. நவம்பரில் சேர்ந்து, அதற்கு முந்தைய மே மாதத்திலேயே தேர்வெழுதியவர் கதி என்ன ஆகும்?

யுஜிசி விதிப்படி தொலைநிலைப் படிப்பைத் தனியார் மையங்களுக்குக் கிளைபோல விற்கவே கூடாது. விதி இருக்கிறது, பேருந்து நிலையத்துக்கு எதிரே போர்டும் இருக்கிறது. எம்.ஃபில். என்ற ஆய்வுப் படிப்பு நிறுத்தப்பட்டு ஆண்டுகள் ஆன பிறகும் அதையும் விற்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். 2024 முதல், தொலைநிலைப் படிப்பில் சேர மாணவர் தன் பெயரில் டெப் ஐடி (யுஜிசி தொலைநிலைக் கல்விப் பிரிவின் மாணவர் எண்) எடுக்க வேண்டும். அதற்கு ஏபிசி ஐடி (படித்த பாடங்களின் கிரெடிட்களைச் சேர்த்துவைக்கும் கணக்கின் எண்), ஆதார் எல்லாம் வேண்டும். அதை நீங்களே எடுங்கள், உங்கள் போனுக்கு வரும் ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள். எந்தப் பல்கலைக்கழகத்துக்கு எந்த ஆண்டு எந்தப் படிப்புக்கு அனுமதி என்ற பட்டியல் யுஜிசி தொலைநிலைக் கல்விப் பிரிவின் தளத்தில் இருக்கிறது. தமிழில் படிக்க தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. இக்னோவில் (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) வரலாறு ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான்.

இன்னொன்று, உங்களுக்குப் பொருந்தாது, ஆனாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. ஒரு காலத்தில் பட்டமே இல்லாமல், வயதை மட்டும் வைத்து நேரடியாக எம்.ஏ. சேர்த்துக்கொண்டார்கள். ஆயிரக்கணக்கானோர் சேர்ந்தார்கள். 2009-ல் அப்படி வாங்கிய எம்.ஏ.வை வைத்து அரசுப் பதவி பெற முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, மூன்றாண்டுப் பட்டம், அதன் பிறகுதான் முதுநிலை என்று தமிழக அரசும் அதே ஆண்டு ஆணையிட்டது. எம்.ஏ.வை முதலில் வாங்கிவிட்டு, ஓட்டையை அடைக்கலாம் என்று பிறகு பி.ஏ. எழுதியவர்களும் நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது. அவர்கள் செய்த தவறு என்ன? பல்கலைக்கழகம் விற்றது, இவர்கள் வாங்கினார்கள். உங்கள் வீட்டில் சித்தி, மாமா என்று யாராவது அந்தக் கால நேரடி எம்.ஏ. வைத்திருந்தால், அதைக் காட்டிப் பி.எட். சேரும் முன் இதைச் சொல்லுங்கள்.

முன்பணம் விஷயத்துக்கு வருகிறேன். ஐயாயிரம் திரும்ப வருமா என்பது ரசீதைப் பொறுத்தது, எழுத்தில் கேட்டுப் பாருங்கள். அதற்கு முன் ஒன்று: பி.காம். பட்டச் சான்றிதழின் அசலையும் அவர்களிடம் கொடுத்திருக்கிறீர்களா? கொடுத்திருந்தால் நாளைக் காலையே போய் அதை முதலில் வாங்குங்கள். “ஒரு வேலைக்கு நேர்காணல் இருக்கிறது” என்று சொல்லுங்கள், போதும். அசல் கைக்கு வந்த பிறகு பணத்தைப் பற்றிப் பேசுங்கள்.