மாடு கத்தாமலே பருவத்துக்கு வருமா? – வாசகர் கேள்வி பதில்

கலப்பின ஜெர்சி மாடு கன்று போட்டு 70 நாள் ஆகிறது. கத்தவில்லை, வழும்பும் கண்ணில் படவில்லை. டாக்டர் சோதித்துவிட்டு, கருப்பையும் சூலகமும் நன்றாக இருக்கின்றன என்கிறார். பருவத்துக்கு வர ஊசி போட்டால் போதுமா?
– வாசகி, ஓமலூர்

பெரும்பாலும் மாடு பருவத்துக்கு வந்து போயிருக்கும், யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். இதைத்தான் ஊமைப் பருவம் என்கிறோம். சூலகத்தில் முட்டை முதிரும்போது ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் ஏறும். அது மூளையின் அடியிலுள்ள ஹைப்போதலாமஸில் இரண்டு வேலை செய்யும். ஒன்று, முட்டை வெளியேறக் கட்டளை போகும். இன்னொன்று, மாடு அலைபாயத் தொடங்கும். இந்த இரண்டாவது வேலை சரியாக நடக்க, அதற்கு முன் சில நாள் புரொஜெஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோன் மூளையைப் பழக்கியிருக்க வேண்டும். கன்று போட்டபின் வரும் முதல் பருவத்தில் அது கிடைப்பதில்லை. அதனால்தான் முட்டை வெளியேறியும் மாடு கத்தாமல் இருக்கிறது.

அடுத்தடுத்த பருவமும் ஊமையாகவே போனால் வேறு காரணம் தேட வேண்டும். கறவை அதிகமுள்ள மாட்டின் ஈரல் ஹார்மோனைச் சீக்கிரம் கரைத்துவிடும். பருவம் சில மணி நேரத்தில் முடிந்துபோகும். வெயில், குளம்பு வலி, வழுக்கும் சிமெண்ட் தரை, நாள் முழுக்கக் கட்டுத்தறி என எல்லாமே அறிகுறியை மறைக்கும்.

விடியற்காலை 5 மணி, பொழுது சாயும் நேரம், இரவு 10 மணி என மூன்று வேளை, வேளைக்கு 20 நிமிடம் மாட்டைப் பாருங்கள். தீவனம் வைக்கும்போதும் பால் கறக்கும்போதும் பார்த்துப் பயனில்லை. இன்னொரு மாடு மேலே ஏறும்போது நகராமல் நிற்பதுதான் உறுதியான அறிகுறி. ஒரே மாடு என்றால் திடீரெனப் பால் குறைகிறதா, அடிக்கடி சிறுநீர் கழிக்கிறதா, அறை (பிறப்புறுப்பின் வெளிப்பகுதி) தடித்திருக்கிறதா, வால்மயிரில் கண்ணாடிபோல் வழும்பு ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். காலையில் கண்டால் மாலையிலும், மாலையில் கண்டால் மறுநாள் காலையிலும் சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்) போடுங்கள். வாலில் ரத்தக்கறை இருந்தால் பருவம் ஓரிரு நாள் முன்பே முடிந்துவிட்டது. அன்று ஊசி போடுவது வீண். ரத்தக்கறை கண்ட நாளைக் காலண்டரில் குறித்துக்கொண்டு, 16ஆம் நாள் முதல் கவனியுங்கள்.

நீங்கள் கேட்கும் பருவ ஊசி பெரும்பாலும் புரோஸ்டாகிளாண்டின்தான். முட்டை வெளியேறிய இடத்தில் உருவாகிப் புரொஜெஸ்டிரோன் சுரக்கும் மஞ்சள் திசுவைக் கரைப்பதே அதன் வேலை. பருவம் முடிந்த முதல் 5 நாளில் அந்தத் திசு முதிர்ந்திருக்காது, ஊசி பலிக்காது. பலித்தால் 2 முதல் 5 நாளில் மாடு பருவத்துக்கு வரும். சினை மாட்டுக்குத் தவறிப் போட்டால் கரு கலைந்துவிடும். அதனால் சோதிக்காமல் யாரையும் போடவிடாதீர்கள்.

டோபமின் என்பது இன்பம் தரும் ரசாயனம் என்று படித்தேன். பெண் விலங்குகளின் இனப்பெருக்கத்தில் அதற்கு என்ன வேலை?
– கல்லூரி மாணவி, சேலம்

'இன்பம்' என்ற சொல் வழி தவறவிடும். தாய் எலிக்கு டோபமின் ஏற்பிகளை (மூளை செல்லில் டோபமின் வந்து ஒட்டும் இடங்களை) அடைக்கும் மருந்தைக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். சிதறிக் கிடக்கும் குட்டிகளை வாயில் கவ்விக் கூட்டுக்குக் கொண்டுவருவதை அது விட்டுவிடுகிறது. அதே குட்டிகளை மடியருகே கொண்டுபோய் வைத்தால் பால் கொடுக்கிறது. ஆக, தேடிப் போக வைப்பதுதான் டோபமின் செய்கிற வேலை. பிரசவம் நெருங்கும்போது புரொஜெஸ்டிரோன் இறங்கி ஈஸ்ட்ரோஜனும், பால் சுரக்க வைக்கும் புரோலாக்டினும் ஏற, ஹைப்போதலாமஸின் முன்பகுதி டோபமின் பாதையைத் திறந்துவிடுகிறது. பிரெய்ரி வோல் என்ற எலி இனத்தில் டி2 என்ற வகை டோபமின் ஏற்பியை அடைத்தால், பெண் இணை சேர்ந்த பிறகும் துணையோடு ஒட்டுவதில்லை.

ஒன்றைக் கவனியுங்கள். எலியில் முதலில் ஈஸ்ட்ரோஜன், பிறகு புரொஜெஸ்டிரோன் கிடைத்தால்தான் அது ஆணுக்கு இணங்கும். மாட்டிலும் செம்மறியிலும் வரிசை தலைகீழ். எலியில் கண்டதை அப்படியே தொழுவத்துக்குக் கொண்டுவர முடியாது.

மேச்சேரி ஆடு இரட்டைக் குட்டி போட்டது. ஒன்றை மட்டும் முட்டித் தள்ளுகிறது.
– வாசகர், மேச்சேரி

குட்டி வெளியே வரும்போது கருப்பை வாய் விரிகிறது. அந்தச் செய்தி மூளைக்குப் போய் ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் சுரக்கிறது. அதற்குப் பின் ஓரிரு மணி நேரத்துக்குள் நக்கி மோந்த குட்டியைத்தான் தாய் தன்னுடையது என்று ஏற்கும். முதல் குட்டியை நக்கிக்கொண்டிருந்தபோது இரண்டாவதைத் துணியால் துடைத்துத் தனியே வைத்தீர்களா? பல இடங்களில் நடப்பது அதுதான். மூக்கையும் வாயையும் மட்டும் துடையுங்கள், உடம்பு ஈரத்தைத் தாய்க்கு விட்டுவிடுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது: தாயையும் இரு குட்டிகளையும் நாலைந்து அடிச் சதுரத் தட்டிக்குள் விடுங்கள். நஞ்சுநீர் (பனிக்குட நீர்) மிச்சமிருந்தால் தள்ளப்படும் குட்டியின் வால்பக்கம் தடவுங்கள். தாய் மோந்து பார்ப்பது அங்கேதான். தினம் நாலைந்து தடவை தாயைப் பிடித்து நிறுத்திக் குட்டியை ஊட்டவிடுங்கள். சில நாளில் தன் பால் வாசம் குட்டியில் ஏறியதும் பல தாய்கள் இறங்கி வரும். அதுவரை சீம்பால் தடைபடக் கூடாது. முதல் வேளை, குட்டியின் எடையில் கிலோவுக்கு 50 மில்லி. மடி ஒரு பக்கம் கல்லாகிச் சூடாக இருந்தால் அது வெறுப்பு இல்லை, வலி. மடிநோய்க்கு வைத்தியம் பாருங்கள்.

எங்கள் நாய் பருவம் முடிந்து இரண்டு மாதமாகிறது. இணை சேரவில்லை. ஆனால் மடி சுரந்திருக்கிறது, செருப்பைக் குட்டிபோல் காக்கிறது.
– வாசகி, ஏற்காடு

இது பொய்ச்சினை. இணை சேராவிட்டாலும் நாய்க்கு இரண்டு மாதம் புரொஜெஸ்டிரோன் இருக்கும். அது இறங்கும்போது புரோலாக்டின் ஏறும். பெரும்பாலும் 2, 3 வாரத்தில் தானே அடங்கும். மடியைப் பிழியாதீர்கள், ஒத்தடமும் வேண்டாம். தொடத்தொடச் சுரக்கும். நக்காமல் கழுத்துக்கூம்பு மாட்டுங்கள், செருப்பை எடுத்துவிடுங்கள், நடைக்குக் கூட்டிப்போங்கள். அடங்காவிட்டால் டோபமின்போல் வேலைசெய்து புரோலாக்டினைத் தணிக்கும் கேபர்கோலினை மருத்துவர் தருவார். வழக்கமான அளவு எடை கிலோவுக்கு 5 மைக்ரோகிராம், தினம் ஒரு வேளை, 5 முதல் 7 நாள். அதில் வாந்தி வரலாம். ஆனால் வாந்திக்கு வீட்டிலிருக்கும் மெட்டோகுளோப்ரமைடைக் கொடுத்துவிடாதீர்கள். அது டோபமினைத் தடுத்துப் புரோலாக்டினை மேலும் ஏற்றிவிடும். கருத்தடை அறுவையை மடி முழுதும் வற்றிய பிறகே செய்யுங்கள். இப்போதே செய்தால் பொய்ச்சினை நீண்டுபோகும்.