கெமிக்கல் இன்ஜினியரிங் பத்தி கேளுங்க: ஒரு மஸ்கெலியாக்காரி பதில் சொல்றேன்

ஏ.எல் (உயர்தரப் பரீட்சை) ரிசல்ட் வந்ததுல இருந்து போன் ஓயல, அதனால எல்லாருக்கும் ஒரே இடத்தில பதில் சொல்லிடலாம்னு உக்காந்திருக்கேன். மஸ்கெலியா பக்கம் தேயிலைத் தோட்டத்துப் புள்ள நான், அம்மா கொழுந்தெடுத்தாங்க, அப்பா செடி வெட்டுற கவ்வாத்து மலையில வேலை. பேராதனையில இரசாயன, செயன்முறைப் பொறியியல் துறையில படிச்சிட்டு இப்ப கையுறை செய்ற ஒரு ரப்பர் பேக்டரியில பதினோரு வருஷம். மெடிசின், லோ, ஐ.டி பத்தியெல்லாம் கேக்காதீங்க, எனக்குத் தெரியாது.

ஹட்டன் தம்பி: அக்கா, கெமிஸ்ட்ரில எனக்கு ஏ. மெத்ஸ் தான் எஸ், சாதாரண சித்தி. கெமிக்கல் இன்ஜினியரிங் சரிவருமா?

தம்பி, இந்தப் பேர் தான் எல்லாரையும் ஏமாத்துறது. கெமிஸ்ட்ரி புடிக்கும்ங்கிறதுக்காக மட்டும் இங்க வராதீங்க, இத இன்னும் நாலு தரம் சொல்லுவேன் பாருங்க. கெமிஸ்ட் ஒரு சின்ன குடுவையில ஒன்ன செஞ்சி காட்டுவார், அதையே ஒரு நாளைக்கு பத்து டன் செய்யணும், சூடு எங்க இருந்து வரும், எந்த பைப்ல போகும், கழிவு எங்க போகும், வெடிக்காம இருக்க என்ன செய்யணும், கட்டுப்படியாகுமான்னு கேக்குறது தான் நம்ம வேலை. அதுல முக்கால்வாசி கணக்கும் பிசிக்ஸும். முதல் கட்டத்தில இன்ஜினியரிங் புள்ளைங்க எல்லாருக்கும் பொதுப் பாடம், அதுல எடுக்கிற மார்க்ஸ வச்சித் தான் எந்த துறைன்னு பிரிப்பாங்க. அந்தப் பொதுப் பாடத்தில மெத்ஸ் தான் ஆள வடிகட்டும். எஸ்ஸ பத்தி பயப்பட வேணாம், ஆனா கால்குலஸ்னா ஓடுற ஆளா இருந்தா நல்லா யோசிங்க.

பண்டாரவளை அம்மா: மகள் பயோ செஞ்சா, மூணு பி. இதுக்குப் போடலாமா?

ஏலாதுங்க அம்மா. இணைந்த கணிதம், பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி மூணும் இருந்தாத் தான் இன்ஜினியரிங். உங்களுக்கு பக்கத்திலயே பதுளையில ஊவா வெல்லஸ்ஸ இருக்கு, தேயிலை தொழில்நுட்பத்துக்கே அங்க ஒரு டிகிரி இருக்கு, அதப் பாருங்க.

நுவரெலியா தம்பி: இசட் ஸ்கோர் எவ்ளோ வேணும்?

ஒரு தரம் விளக்கமா சொல்றேன், எல்லாரும் இங்கயே வாசிச்சிக்குங்க. இசட் ஸ்கோர்னா உங்க மார்க்ஸ மத்தவங்களோட ஒப்பிட்டு எடுக்கிற நம்பர். கட் ஓஃப், அதாவது உள்ள எடுக்கிற கடைசி ஸ்கோர், வருஷத்துக்கு வருஷம், மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும். இடங்கள்ல 40% முழு இலங்கைக்கும் திறமை அடிப்படையில, 55% மாவட்ட சனத்தொகைக்கு ஏத்த மாதிரி, மிச்சம் 5% கல்வி வசதி குறைஞ்ச 16 மாவட்டத்துக்கு மேலதிகமா. நுவரெலியாவும் பதுளையும் அந்தப் பதினாறுல இருக்கு, கண்டியும் மாத்தளையும் இல்ல. அப்ப கண்டியில இருக்கிற உங்க மச்சானோட நம்பர வச்சி நீங்க கணக்குப் போட ஏலாது. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவோட அனுமதிக் கைநூல் ஒவ்வொரு வருஷமும் வரும். அத வாசிங்க, முழுசா வாசிங்க, கடைசி நாள் ராத்திரி வாசிக்காதீங்க.

ராகலை தங்கச்சி: பொம்பளப்புள்ளைக்கு பேக்டரி வேலை கஷ்டம்னு வீட்ல சொல்றாங்க.

கொழுந்துக் கூடைய நெத்தியில மாட்டிக்கிட்டு சரிவுல ஏறுனது யாராம்? நைட் ஷிப்ட் இருக்கு, சூடு இருக்கு, அமோனியா நாத்தம் இருக்கு, உண்மை தான். டிசைன், தரக்கட்டுப்பாடு, சூழல் அறிக்கைன்னு மேசை வேலையும் இருக்கு. நான் பொயிலர் பக்கமே இருக்கேன், எனக்கு அது தான் புடிச்சிருக்கு.

பொகவந்தலாவ தம்பி: தமிழ் மீடியத்தில படிச்சேன். அங்க எல்லாம் இங்கிலிஷாமே?

ஆமா, எல்லாமே இங்கிலிஷ். முதல் மாசம் நான் அழுதிருக்கேன். பிறகு நடந்த இன்னொரு கூத்து சொல்றேன், லெக்சரர் போர்டுல 'ரெசிடென்ஸ் டைம்'னு எழுதுறார், நான் ஹாஸ்டலுக்குள்ள போற நேரம் தான் போலன்னு நெனச்சி கொப்பில எழுதாம சும்மா உக்காந்திருந்தேன். பாத்தா அது ஒரு தொட்டிக்குள்ள தண்ணி சராசரியா எவ்ளோ நேரம் நிக்குதுங்கிற கணக்கு, தொட்டி கொள்ளளவ ஓட்டத்தால பிரிச்சா முடிஞ்சி. ஆயிரம் லீட்டர் டேங்க், நிமிஷத்துக்கு 20 லீட்டர்னா 50 நிமிஷம். பக்கத்தில இருந்த சிங்களப் புள்ளைக்கும் அன்னைக்கு இது வெளங்கல, அவளுக்கும் இங்கிலிஷ் அந்நியம் தான். ரெண்டு பேரும் சேந்து அகராதி போட்டோம், ஒரு பக்கம் தமிழ், ஒரு பக்கம் சிங்களம். ரெண்டாம் வருஷத்துக்குள்ள பாஷை பிரச்சினை போயிடும், கணக்கு பிரச்சினை தான் நிக்கும்.

வட்டவளை தம்பி: அக்கா இசட் ஸ்கோர் எவ்ளோ இருந்தா கிடைக்கும்?

மேல இருக்கு.

மாத்தளை ஆசிரியர் ஒருத்தர்: நாலு வருஷமும் என்ன தான் படிப்பிக்கிறாங்க? புள்ளைங்களுக்கு சொல்லணும்.

நல்ல கேள்வி சேர். அமெரிக்காவில எம்.ஐ.டியில 1888ல தான் இந்தப் பேர்ல முதல் படிப்பு வந்துச்சு, அப்ப ஒவ்வொரு தொழிலையும் தனித்தனியா படிச்சாங்க, சோப்பு ஒரு பாடம், சாயம் ஒரு பாடம். 1915ல ஆர்தர் டி. லிட்டில்னு ஒருத்தர், எந்த பேக்டரியா இருந்தாலும் உள்ள நடக்கிறது ஒரு சில அடிப்படை வேலை தானே, காய வைக்கிறது, வடிக்கிறது, ஆவியாக்குறது, அரைக்கிறது, அத மட்டும் ஒழுங்கா படிச்சா போதும்னு சொன்னார். இன்னைக்கு வரைக்கும் அது தான் முதுகெலும்பு. தேயிலை ட்ரையர் வெளங்குச்சின்னா பால்மா பேக்டரியும் பாதி வெளங்கிடும். அதுக்கு மேல வெப்பம் கடத்துறது, திரவம் ஓடுறது, தாக்கம் நடக்கிற தொட்டி, கட்டுப்பாட்டு முறை, பாதுகாப்பு, இடையில கம்பனியில பயிற்சி, கடைசியில ஒரு முழு பிளாண்ட்ட டிசைன் பண்ணி குடுக்கணும். அந்த டிசைன் புரொஜெக்ட்ல தூக்கமே கிடையாது.

புள்ளைங்களுக்கு சின்ன உதாரணம் ஒன்னு சொல்லுங்க சேர். நுவரெலியா டவுன் கடல் மட்டத்தில இருந்து 1868 மீட்டர். அங்க தண்ணி 100 பாகையில கொதிக்காது, 94 பக்கம் கொதிச்சிடும், அதனால தான் கொழும்புல இருந்து வந்த சித்தி பருப்பு வேகலன்னு அடுப்ப திட்டுறாங்க. பிரஷர் குக்கர் ஏன் வேணும்னு அதுல இருந்தே ஒரு பீரியட் ஓட்டலாம்.

ஹப்புத்தளை தங்கச்சி: பகிடிவதை பயமா இருக்கு அக்கா.

1997ல பேராதனை இன்ஜினியரிங் பீடத்திலயே ஒரு தமிழ் மாணவன் பகிடிவதையால செத்துப் போனார். அதுக்குப் பிறகு தான் 1998ஆம் ஆண்டு 20ஆம் இலக்கச் சட்டம் வந்துச்சு, இது குற்றம், சிறை இருக்கு. யாராவது தொட்டா முறைப்பாடு குடுங்க, 'மரபு'ன்னு சீனியர் சொன்னா நம்பாதீங்க. நான் சீனியரா இருந்தப்ப யாரையும் கூப்பிட்டு நிப்பாட்டல, ஆனா மத்தவங்க செய்றப்ப வாயத் தொறக்கவும் இல்ல. அது இன்னும் உறுத்துது.

தலவாக்கலை தம்பி: தேயிலை ஸ்டோருக்கும் (பேக்டரிக்கும்) இதுக்கும் என்ன சம்பந்தம்? ஸ்டோர்ல இன்ஜினியர பாத்ததே இல்ல.

சம்பந்தம் மட்டுமா, உங்க ஸ்டோர் முழுக்க இந்தப் பாடம் தான். முதல் பாடம் 'மாஸ் பேலன்ஸ்', அதாவது உள்ள போனது வெளிய வந்தே ஆகணும், இல்லாட்டி உள்ளயே நிக்கணும். கொழுந்துல போட்டுப் பாப்போம். 100 கிலோ பச்சைக் கொழுந்து, அதுல 77% தண்ணின்னு வச்சிக்குங்க. அப்ப திடப்பொருள் 23 கிலோ. ஸ்டோர் மாடியில பரப்பி வாட்டுறப்ப காத்துலயே 55% ஈரத்துக்கு வந்துடும், 23ஐ 0.45ஆல பிரிச்சா 51 கிலோ, அதாவது 49 கிலோ தண்ணி மாடியிலயே பறந்துட்டு. பிறகு உருட்டி, பதமாக்கி, ட்ரையர்ல 3% ஈரத்துக்கு காய வச்சா 23ஐ 0.97ஆல பிரிக்கணும், 23.7 கிலோ தூள். விறகு எரிச்சி போற தண்ணி 27 கிலோ தான், பாதிக்கு மேல மாடியில காத்து கொண்டு போயிருது. வாட்டு சரியில்லாட்டி விறகு ஏன் கூடுதுன்னு இப்ப வெளங்குதா?

மஸ்கெலியா ஐயா (ஓய்வுபெற்ற டீமேக்கர்): மகள், 31 வருஷம் ஸ்டோர்ல இருந்தேன். 23.7ஆ? 21.5 வந்தாலே துரை (தோட்ட மேனேஜர்) சிரிப்பார். உங்க கணக்கு கொப்பியில தான் சரி. பதம் பாக்குறதுக்கும் எந்த கணக்கும் வேணாம், மூக்கு போதும்.

ஐயா வாங்க வாங்க! மூக்கு விஷயத்தில உங்களோட சண்டைக்கு வரமாட்டேன். (தம்பிமார் கவனிங்க, பதமாக்குறத 'பெர்மென்டிங்'னு சொன்னாலும் அதுல ஈஸ்ட் ஒன்னும் இல்ல, இலையில இருக்கிற நொதியம் காத்துல உள்ள ஒட்சிசனோட சேந்து செய்ற வேலை.) ஆனா 21.5க்கு காரணம் இருக்கு. மழை நாள்ல கொழுந்து மேல ஒட்டிக்கிட்டு வர்ற தண்ணி 8 கிலோன்னா, தராசுல 100 காட்டினாலும் உண்மையான கொழுந்து 92 தான். 92க்கு திடப்பொருள் 21.16, தூள் 21.8. அதோட தூசி, கழிவுத் தேயிலைன்னு கொஞ்சம் போகும். உங்க நம்பர் வந்துட்டு.

ஐயா: அப்ப சரி தானே! அதனால தான் கொழுந்து நிறுக்கிற மடுவத்தில தண்ணிக்குன்னு நிறையில கழிக்கிறோம். அதுக்கு எத்தன ஏச்சு வாங்கியிருப்போம்.

இதத் தான் எதிர்பாத்தேன். ஐயா, மழை நாள்ல கழிங்க, கணக்கு உங்க பக்கம். எங்க அம்மாவுக்கு நாளைக்கு மூணு நிறுவை, ஒவ்வொரு நிறுவைக்கும் ரெண்டு கிலோ கழிவு, மாசி மாசம் காஞ்சி கிடக்கிறப்பவும் ரெண்டு கிலோ. எட்டு கிலோ கொண்டுபோய் அதுல ரெண்டு கழிச்சா நாலுல ஒன்னு. காஞ்ச கொழுந்துல எங்க இருந்து வந்துச்சு 25% மேல் தண்ணி? சாக்கு நிறை அரைக் கிலோ கூட இல்ல. சாயங்காலம் நாள் கணக்குக்கு ஒரு கிலோ கொறஞ்சி அரைப்பேர் (அரை நாள் சம்பளம்) போட்ட நாள் எனக்கு ஞாபகம் இருக்கு, அம்மா இடுப்புல சுத்துற படங்க கழட்டாம வாசல்லயே உக்காந்திருந்தாங்க.

லிந்துலை தங்கச்சி: எங்க அம்மாவுக்கும் இதே தான் அக்கா. கேட்டா கணக்கப்பிள்ளை 'ஸ்டோர் கணக்கு'ன்னு சொல்வார்.

அந்த 'ஸ்டோர் கணக்கு' தான் மாட்டிக் குடுக்கும் தங்கச்சி. கழிச்ச ரெண்டு கிலோவும் கீழ கொட்டல, அதுவும் ஸ்டோருக்குத் தான் போச்சு, தூளாத் தான் வந்துச்சு. பதிவுல பச்சைக் கொழுந்து கொறஞ்சி, தூள் கொறையாம இருந்தா, 100 கிலோ கொழுந்துக்கு எவ்ளோ தூள்ங்கிற வீதம் ஏறும். 77% ஈரக் கொழுந்துல கடவுளே வந்து நின்னாலும் 23.7க்கு மேல எடுக்க ஏலாது. 26, 27ன்னு காட்டுச்சின்னா யாரோட கூடையில இருந்தோ வந்தது.

ஐயா: மெதுவா மகள். வெயில் காலத்தில கொழுந்திலயே தண்ணி கொறவு, 74க்கு வரும். அப்ப உங்க எல்லையே மாறிடும். களவுன்னு சொல்ல முந்தி அத யோசிக்கணும்.

ஒத்துக்கிறேன் ஐயா, நியாயம். 74%ன்னா 26ஐ 0.97ஆல பிரிச்சா 26.8. 26, 27ன்னு அவசரமா சொன்னது என் பிழை, அந்த நாளோட ஈரம் தெரியாம யாரையும் சொல்ல ஏலாது. ஆனா அதே வாதம் கழிவுக்கும் தானே? அளக்காம ரெண்டு கிலோ கழிக்க மட்டும் ஏலுமா? அளக்கிறதும் பெரிய வேலை இல்ல: கூடையில இருந்து 100 கிராம் எடுங்க, காஞ்ச சீலைத் துண்டுல போட்டு நல்லா ஒத்துங்க, திரும்ப நிறுங்க. 93 வந்தா 7% கழிங்க. 99 வந்தா கைய எடுங்க.

ஐயா: மடுவத்தில அம்பது பேர் வரிசையில நிக்கிறப்ப சீலைத் துண்டா?

அம்பது பேருக்கும் வேணாம், ஒரு மலைக்கு ரெண்டு மூணு கூடை போதும், ஒரே மழை தானே எல்லாருக்கும் பேஞ்சது.

ஐயா: ம். நான் இருந்தப்ப யாரும் இப்படி சொல்லித் தரல. துரை தந்த நம்பர் அது.

சொல்லித் தந்திருந்தா நீங்க செஞ்சிருப்பீங்கன்னு தான் நெனக்கிறேன் ஐயா.

கினிகத்தேனை தம்பி: இசட் ஸ்கோர் 1.4 அக்கா, கிடைக்குமா?

கைநூல். கைநூல். கைநூல்.

கண்டி அப்பா: ஒரு ஏஜென்ட் வெளிநாட்டு டிகிரி தர்றதா சொல்றார், முற்பணம் கேக்குறார்.

ஒரு சதமும் குடுக்காதீங்க, முதல்ல அந்த டிகிரிக்கு அங்கீகாரம் இருக்கான்னு எழுத்துல வாங்குங்க. இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம் 2014ல இருந்து, இன்ஜினியரிங் டிகிரிய நாடுகளுக்கு இடையில ஏத்துக்கிற வாஷிங்டன் உடன்படிக்கையில முழு உறுப்பு, ஆனா ஒவ்வொரு டிகிரியும் தனித்தனியா அங்கீகாரம் வாங்கியிருக்கணும். பெயர்ல 'இன்ஜினியரிங்'னு இருந்தா மட்டும் போதாது. ஏஜென்ட் நோட்டீஸ நம்பாதீங்க.

பூண்டுலோயா தம்பி: கெமிஸ்ட்ரி எனக்கு ரொம்ப புடிக்கும், அதனால...

முதல் பதில். தயவு செஞ்சி.

வெலிமடை தங்கச்சி: வேலை கிடைக்குமா?

ரப்பர், பால்மா, பெயின்ட், சீமெந்து, தண்ணி சுத்திகரிப்பு, 1969ல இருந்து ஓடுற சப்புகஸ்கந்த எண்ணெய் சுத்திகரிப்பு நிலையம், எல்லாத்திலயும் நம்ம ஆளுங்க இருக்காங்க. ஆனா பெரும்பாலும் கொழும்பு பக்கம். வீட்டுல இருந்து போய் வரணும்னா கஷ்டம், இத முதல்லயே வீட்ல பேசிக்குங்க.

லிந்துலை தங்கச்சி: அக்கா, 100 கிராம் நிறுக்க எந்த தராசு? நான் ஏ.எல் மெத்ஸ் தான், அம்மாவோட கொழுந்துல செஞ்சி பாக்கணும்.

கேக் போடுறவங்க வச்சிருக்கிற சின்ன டிஜிட்டல் தராசு போதும்டா. காலையில ஒன்னு, மத்தியானம் ஒன்னு, மழைக்கு ஒன்னு, வெயிலுக்கு ஒன்னுன்னு ரெண்டு கிழமை எழுதி வை. திகதி போட மறந்துடாத. நம்பர எனக்கு அனுப்பு, ஐயாவுக்கும் அனுப்பு.

ஐயா: அனுப்புங்க மகள். கொழுந்து பறிச்ச நேரத்தையும் எழுதணும், பனி ஒன்பது மணி வரைக்கும் நிக்கும்.