மேடைப் பியானோ கலைஞர்கள் கற்பிப்பது ஏன்?

புகழ்பெற்ற பியானோ கலைஞர்கள் மாணவர்களை ஏற்பது வருமானத்துக்காக மட்டும்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். கச்சேரி வாய்ப்புகள் சீராக வருவதில்லை என்பதால் அதுவும் ஒரு காரணமே. ஆனால் விரலின் எடை, பெடலை (காலால் அழுத்தும் மிதியை) விடும் கணம், ஒலியின் நிறம் போன்றவற்றை இசைக்குறிப்பில் முழுமையாக எழுத முடியாது. ஆகவே அவை ஆசிரியரின் அருகில் அமர்ந்து கேட்பதன் மூலமே தலைமுறைகளாகக் கைமாறி வந்துள்ளன. எடுத்துக்காட்டாக, இசையமைப்பாளர் பேத்தோவனிடம் பயின்ற செர்னி, பியானோ கலைஞர்களான லிஸ்டுக்கும் லெஷெட்டிட்ஸ்கிக்கும் கற்பித்தார். லெஷெட்டிட்ஸ்கியிடம் அடுத்த தலைமுறைப் பியானோ கலைஞர்களான பதெரெவ்ஸ்கியும் ஷ்னாபெலும் பயின்றனர். பியானோ கலைஞர் கிளாரா ஷூமன் 1878இல் ஜெர்மனியின் பிராங்க்ஃபர்ட் இசைப்பள்ளியில் ஆசிரியரான பின்னரும் மேடையை விடவில்லை. லிஸ்ட் அதற்கு நேர்மாறானவர்: 1847இல், 35 வயதிலேயே, கட்டணக் கச்சேரிப் பயணங்களை நிறுத்திய அவர், பிற்காலத்தில் ஜெர்மனியின் வைமார் நகரில் ஒருவர் வாசிக்க மற்ற மாணவர்கள் கேட்டுக் கற்கும் வகுப்புகளை நடத்தினார். அவற்றுக்கு, உங்கள் ஐயத்துக்கு மாறாக, அவர் கட்டணமே வாங்கவில்லை.